காமனுக்கு இன்னும் ஒரு நாள்

கணபதி: என்ன மொதலாளி, வந்ததும் வராததுமா உக்காந்துட்டீங்க... டவுன் போர்டு கூட்டம் முடிஞ்சுதா?

ஜாபிர்: முடிஞ்சிது. கொஞ்சம் மூச்சு வாங்க உடு கணபதி. போர்டு மெம்பரும் மனுசன்தான்.

கணபதி: காலையிலருந்து உங்க துணிக்கடை வாசல்லயே நிக்கிறேங்க.

ஜாபிர்: நீ நிக்கிறது பரவால்ல. போர்டு ஆபீஸ் வாசல்ல ஒருத்தன் உக்காந்திருக்கானே, மீசைய மழிச்சுட்டு, வெள்ளச் சீல கட்டி, தலைய விரிச்சுப் போட்டு... அவனத் தாண்டித்தான் நாங்க எல்லாரும் உள்ள போனோம்.

கணபதி: நம்ம முத்தையாங்க. தேயிலத் தோட்டத்துல செடி கவ்வாத்து வெட்டுறவன். காமன் கூத்துல அவன்தான் ரதி.

ஜாபிர்: தெரியும். அவன் புருசன நேத்து நீங்கதானே எரிச்சீங்க.

கணபதி: எரிச்சது சிவன். நான் கூத்து வாத்தியாரு, ஆட்டி வச்சேன்... அவ்வளவுதான்.

ஜாபிர்: சேர்மன் துரைக்கு அதெல்லாம் வெளங்குமா? பதுளைக்குப் புதுசா ரயில் வருது, அதுல சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு ஒரு வேடிக்க காட்டணும்னு போர்டு செலவு பண்ணிச்சு. வந்தாங்க, பாத்தாங்க. இவன் இன்னும் எதுக்கு அழுறான்னு கேக்குறாரு.

கணபதி: தாலியறுத்தவ அழாம என்ன செய்வா? நாளைக்கு மூணாம் நாளு. காமன உசுரோட எழுப்பணும். அப்பத்தான் முத்தையா வெள்ளச் சீலைய அவுப்பான்.

ஜாபிர்: அத ஒங்க தோட்டத்துல போய் எழுப்பிக்கச் சொல்றாரு.

கணபதி: எரிச்ச எடத்துலதாங்க எழுப்பணும். காமன் கம்பம் நட்டது இந்த டவுன் மைதானத்துல. தூக்கிட்டுப் போக அதென்ன கொழுந்துக் கூடையா?

ஜாபிர்: எங்கிட்ட ஏன் பாயிற? நானும் அதத்தான் சொன்னேன்.

கணபதி: பாயலீங்க... எம் மவ மீனாம்பாளுக்குப் பங்குனியில கல்யாணம். ரதி முண்டச்சியா நிக்கையில நாங்க குடியிருக்கிற லயத்துல ஒரு தாலியும் ஏறக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. மாப்ள வீட்டுலயும் அதே பேச்சு. நேத்துலருந்து அந்தப் புள்ள சோறு திங்கல.

ஜாபிர்: மொதல்ல அந்தப் புள்ளையச் சோறு திங்கச் சொல்லு.

கணபதி: அப்படின்னா? காமன எழுப்பக் காசும் மைதானமும் தந்தாங்களா, இல்லையா?

ஜாபிர்: இரு, மொறையா சொல்றேன். வெளியூர்ச் சனத்துக்குன்னு ஒதுக்குன காசு தீந்து போச்சுன்னாங்க. சரி, ஊர்ச் சனத்துக்குன்னு ஒண்ணு ஒதுக்கியிருக்கே, அதுலருந்து தாங்கன்னு கேட்டேன். அது மழத்தண்ணி ஓடத் தெருக் கான் வெட்டத்தான்னு ஒரு மெம்பரு மேசையில தட்டுறாரு. தோட்டத்துச் சனம் ஊர்ச் சனத்துல சேராதாம்.

கணபதி: சேராதா? ஞாயித்துக்கெழம ஆனா இந்தக் கடைத்தெருவே எங்களாலதானே...

ஜாபிர்: அதையும் சொன்னேன். ஒங்க சனம் வரலைன்னா நான் கடைய மூடிட்டு மைதானத்துல மாடு மேய்க்கணும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, கான் வெட்டுறதப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

கணபதி: போச்சு... எல்லாம் போச்சு.

ஜாபிர்: அப்பத்தான் சுத்திப் பாக்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி உள்ள வந்தாங்க.

கணபதி: போர்டு கூட்டத்துக்குள்ளயா?

ஜாபிர்: யாரக் கேட்டு வந்தாங்கன்னு எவனுக்கும் தெரியாது. வாசல்ல ஒங்க ரதியோட அர நாள் உக்காந்திருந்தாங்களாம். பாஷ தெரியாது, ஆனாலும் ரெண்டு பேரும் அழுதிருக்காங்க.

கணபதி: முத்தையா புலம்பல் பாட்டு எடுத்தா கல்லும் அழும்.

ஜாபிர்: கல்லு அழுவுதோ இல்லியோ, துரைசாணிக்கு மூக்கு செவந்து போச்சு. இந்தப் பொண்ணோட புருசன் எப்ப எழும்புவான்னு சேர்மன் மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. அதப் பாக்காம நான் ரயில் ஏற மாட்டேன், ரெஸ்ட் ஹவுசுல தங்கியிருக்கிற மத்தவங்களும் அதத்தான் சொல்றாங்கன்னாங்க.

கணபதி: சேர்மன் என்ன சொன்னாரு?

ஜாபிர்: என்ன சொல்லுவாரு? நாளைக்குக் கட்டாயம் எழும்புவான்னாரு.

கணபதி: மொதலாளி... வெளையாடாதீங்க.

ஜாபிர்: தீந்து போச்சுன்ன காசுலருந்து பாதி, கான் வெட்டுற காசுலருந்து பாதின்னு எழுதியாச்சு. ஒங்க தோட்டத் துரைக்கு லீவு கேட்டு ஆள் போயிருச்சு. லயத்துச் சனம் குடும்பத்தோட வந்து பாக்க, ஒங்க பக்கத்து தெமோதரையிலருந்து ரயிலும் காசில்லாம.

கணபதி: எம் மவளும் ரயில்ல வருவாளா... எனக்கு அழுகையா வருதுங்க.

ஜாபிர்: அழுறதுக்குத்தான் முத்தையா இருக்கானே. நீ போய் காமன எழுப்புற வேலையப் பாரு. இன்னொண்ணு... கூத்து மூணு நாளுன்னு ஏன் மொதல்லயே சொல்லலன்னு சேர்மன் கேட்டாரு. வாத்தியாருக்கு மறந்து போச்சுன்னு சமாளிச்சேன்.

கணபதி: மறக்கலீங்க. உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? மூணு நாளுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா அந்த ஒரு நாளும் கெடச்சிருக்காது. எரிச்சுட்டா எழுப்பித்தானே ஆவணும்னு நெனச்சு, வேணும்னேதான் வாய மூடிக்கிட்டேன். உங்களையும் சேத்து ஏமாத்திட்டேன்.

ஜாபிர்: என்னையா? அட போயா... சின்னப் புள்ளையில எங்க வாப்பா கூட துணி மூட்டையத் தூக்கிட்டு லயம் லயமா வந்த காலத்துல, காமன் எழும்புறதப் பாக்காம நான் ஒரு வருசமும் ஊட்டுக்குப் போனதில்ல. 'ஒரே ஒரு நாள் கூத்துதான் துரை, நான் பொறுப்பு'ன்னு போர்டுல அடிச்சுச் சொன்னதே நான்தான்.