மீண்டும் முயற்சிக்கவும்

கடவுச்சொல்லை மறப்பவர்கள் மேல் எனக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை, ஐயா. யாருக்கும் மறக்கும். காத்தமுத்து கங்காணிக்கு மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தர்மிளா. தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். கொழும்பில் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துக்கான செயலியை எழுதும் வேலை என்னிடமே வந்து சேர்ந்தது. வேலைக்கு வந்தவர்களைப் பதிவதும், லொறி கேட்பதும், ஆபத்தென்றால் அறிவிப்பதும் அதில்தான். எங்கள் லயம் இருக்கும் மேல் டிவிசனுக்குச் செயலி உள்ள ஒரே போன், ஒரே கணக்கு. அது ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியின் கையில். வேறு வழியில் கேட்டால், "ஆப்ல போடுங்க" என்று ஆபீசில் போனை வைத்துவிடுவார்கள்.

என் அம்மா மருதாயி அங்கே பால் வெட்டினாள். ஒருநாள் காய்ச்சலோடு, காலையில் பேர் பதியும் பிரட்டுக்குப் பிந்திப் போயிருக்கிறாள். காத்தமுத்து எல்லோர் முன்னாலும், "லேட்டா வந்தா பேர் இல்ல, திரும்பிப் போ" என்று விரட்டிவிட்டார். பிந்தி வருகிறவர்களை விரட்டுவது தோட்டத்து வழக்கம்தான்; அவர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வெறும் வாளியோடு அவள் மழையில் திரும்பி நடந்ததைப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன்.

அதனால் செயலியில் ஒரு வரி எழுதினேன். காத்தமுத்துவின் கணக்கென்றால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் தவறு என்று சொல். திரையில் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று வரும். அவர் எனக்கு அழைப்பார். "தொறக்க மாட்டேங்குது புள்ள, கொஞ்சம் பாருங்க." சற்றுக் காக்க வைத்துவிட்டு இங்கிருந்தே திறந்துவிடுவேன். மறுநாள் மறுபடி அடைபடும். வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். அடித்தேனா, ஏசினேனா? ஒன்றுமில்லை.

முறைப்பாடு மேலிடம் போனது. என் மேலாளர் நஸீம் என்னையே கூப்பிட்டு, "இந்த லொகின் ஏன் விழுகுதுன்டு அடி வரைக்கும் போய்ப் பாருங்க" என்றார். பார்த்தேன். சிக்னலைச் சந்தேகித்தேன், சேர்வரின் கடிகாரத்தைச் சந்தேகித்தேன், பழைய போனைச் சந்தேகித்தேன். ஒவ்வொன்றுக்கும் அழகாக விளக்கம் கொடுத்தேன். நஸீம் என் பொறுமையைப் பாராட்டினார். அந்த ஒரு வரியை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று கொழும்பில் நல்ல வெயில். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காத்தமுத்து அழைத்தார். கொஞ்சம் நிற்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். விட்டு விட்டு அது மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன்.

சிக்னல் தேடிக் கோயில் மேட்டுக்கு ஏறியிருந்ததால் அவர் பிழைத்தார். கீழே மண் சரிந்து லயத்தை மூடிவிட்டது. தப்பிப் போக லொறிக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். அம்மாவும்தான்.

செத்த வீட்டில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மல வெடிச்சிருந்திச்சு புள்ள. நடந்தே எல்லாரையும் கூட்டிட்டுப் போயிருவோம்னுதான் சொன்னேன். ஒங்கம்மாதான் விடல. 'எம் மக செஞ்சதுண்ணே, தொறக்கும். வயசானதுகள மழையில நடக்க வைக்காதீங்க, இன்னொருக்கா அமுக்குங்க'ன்னு சொன்னிச்சு. நாந்தான் சரியா அமுக்கல போல."

"பரவாயில்லைங்க மாமா" என்றேன்.

கொழும்புக்குத் திரும்பியதும் அந்த வரியை அழித்தேன். அறிக்கையில் மூலக் காரணம் என்ற இடத்தில், பயனர் தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தார் என்று எழுதினேன். அதை வைத்துத்தான் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தன் விரல்தான் பிழை என்று அவரும் இன்றுவரை நம்புகிறார்.

இப்போதெல்லாம் மழை பிடித்தால் என் மேசை அதிர்கிறது. போனை அணைத்து அலுமாரியில் பூட்டினாலும் அதிர்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அதனால்தான் பொலிசுக்கு வந்தேன்.

அந்த வரியை எழுதியது நான். அழைப்பை எடுக்காமல் விட்டதும் நான். காத்தமுத்துவை விட்டுவிடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்: நான் அடைத்தது அவர் ஒருவருக்குத்தான். அம்மாவுக்கு அந்தச் செயலியில் கணக்கே கிடையாது.