பட்டாளக் கோட்டா

— கையக் கீழ எறக்காத, கோதண்டம். துண்டு நனைஞ்சி சொட்டுது. டிரைவர் தம்பி, ஆஸ்பத்திரிக்கு ஜல்தியா போப்பா.

— நான் தாங்குவேன், பச்சமுத்தண்ணே. எத்தினி விரலு போச்சு? எனக்குப் பாக்க முடியல.

— விரலா? மணிக்கட்டோட போச்சுடா. ரெண்டு வேகனுக்கு நடுவுல கைய வுட்டா இன்னா மிஞ்சும்? இருவது வருசமா விழுப்புரம் யார்டுல ஃபிட்டரா இருக்கற. வண்டி பின்னால வர்றது உனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— இன்னாடா சொல்ற?

— தெரிஞ்சிதான் வுட்டேன். இந்த மாசம் கேம்ப்பு டூட்டியே நம்ம யார்டுலதான, மேல பட்டாள யூனிபாரம் இருக்குது, பாருங்க. ஆஸ்பத்திரியில அதக் கிழிச்சிடப் போறானுங்க. கேட்டா காட்டணும்.

— அடப்பாவி, எதுக்குடா?

— நீங்கதான சொன்னீங்க, திண்டிவனம் கல்யாணத்துல. முழு சர்வீஸ் பண்ண உங்களமாதிரி ஆளு புள்ளைக்குக் காலேஜுல கோட்டா உண்டு, வருசத்துக்கு ஒரு மாசம் கேம்ப்பு போற டெரிட்டோரியல் ஆர்மிக்காரன் புள்ளைக்குக் கெடையாது, கேம்ப்புல கையோ காலோ போனாத்தான் உண்டுன்னு.

— சாப்புட்டுக்கினு இருக்கசொல்ல பேச்சுக்குச் சொன்னேன்டா.

— எனக்கு அது பேச்சு இல்லண்ணே. எழுபத்தொண்ணு சண்டையில நானும் பார்டர்ல, குண்டு வுழ வுழ தண்டவாளம் போட்டவன். உங்களுக்கு டிஸ்சார்ஜ் புக்கு, பென்ஷன். எனக்கு இன்னா குடுத்தானுங்க? உங்க புள்ள அரங்கநாதன் என் காந்திமதிய வுட முப்பது மார்க்கு கம்மி. அவன் டாக்டருக்குப் படிக்கிறான். எம்பொண்ணுக்கு ரெண்டு மார்க்குல சீட்டு போச்சு, பத்து நாளா சரியா சோறு துண்ணல. வலிக்குதுண்ணே. உசுரு போவுது. ஆனா சீட்டு கெடைச்சிடும்.

— பேசாத. கண்ண மூடாம இரு.

— நீங்க கேம்ப்பு ஆபீஸ் பியூன்தான? இன்னிக்கி தேதி போட்டு ஆபீசர்கிட்ட சொல்லி எழுத வையுங்க, டூட்டியில அடிபட்டுதுன்னு. ஏண்ணே அழுவுறீங்க?

— எழுத முடியாதுடா. இந்த வருசம் மூணு நாளு முன்னாடியே கேம்ப்ப முடிச்சிட்டாங்க. இன்னிக்கிக் காலையில பத்து மணியோட எல்லாரையும் ரிலீஸ் பண்ணி ஆர்டர் வந்துச்சு. அதச் சொல்லத்தான் உன்னத் தேடிக்கினு யார்டுக்கு வந்தேன்.

— ரிலீஸ் ரிஜிஸ்டர்ல நான் கையெழுத்து போடலியே. போடாதவன் இன்னும் டூட்டியிலதான?

— நீ வூட்டுலேர்ந்துதான டூட்டிக்கு வர்ற, ரிஜிஸ்டர எப்பவும்போல உன் வூட்டுக்கு எடுத்துக்கினு போனேன். நீ அதுக்குள்ள கெளம்பிட்ட. காந்திமதிதான் உன் கையெழுத்த அப்பிடியே போட்டுக் குடுத்துச்சு.