வாசுதேவனுக்கு ஒரு நற்சான்று

எனக்கு மனிதர்களைப் பிடிக்கும், மேடம். காலையில் துர்கா டேக்டி குன்றில் நடக்கப் போனால் மற்றவர்கள் மரத்தையும் மயிலையும் பார்ப்பார்கள், நான் எதிரே வருகிறவர்களைப் பார்ப்பேன். யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், யாருக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நீங்கள் கோயம்புத்தூர் என்று வெளியே கான்ஸ்டபிள் சொன்னார். ரொம்ப நல்லதாகப் போயிற்று. மராத்தியிலும் சொல்லியிருப்பேன், ஆனால் இந்த மாதிரி விஷயம் தாய்மொழியில் சொன்னால்தான் திருத்தமாக வரும்.

என் பெயர் விஸ்வேஸ்வரன். நிக்டியில் இருக்கிறேன். பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலை கேட்டு வருகிறவன் தன்னைப் பற்றிச் சொல்வதை நான் காதிலேயே வாங்கமாட்டேன். வீட்டில் எப்படி, முன்பு வேலை பார்த்த இடத்தில் எப்படி என்று மட்டும் வெளியே விசாரிப்பேன். நான் எடுத்த ஆள் ஒருவர்கூடச் சோடை போனதில்லை. ஓய்வு பெறும் நாளன்று மேனேஜரே மேடையில் இதைச் சொன்னார்.

மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் வாசுதேவன் நின்றபோது எனக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரி இருந்தது. திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலைகளுக்குக் கேன்டீன் நடத்துகிறவர். அவர் சிரித்தால் பக்கத்து பில்டிங்கில் கேட்கும். எங்கள் மாடியில் ஹர்ஷா என்று ஒரு பையன், ஐ.டி.யில் இருக்கிறான், பிறந்ததே இங்கேதான். அவன் ஒருநாள் லிஃப்டில் கேட்டான்.

"அங்கிள், நீங்க ஏன் எல்லார்கிட்டயும் வாசு அங்கிளோட வீட்டுக் கதையே சொல்றீங்க? ரோடு ஒழுங்கா போட்டா போதும் இல்ல?"

"ரோடு இன்னும் அவர் கைக்கு வரலப்பா. இதுவரைக்கும் அவர் கையில இருந்தது வீடும் தொழிலும்தான். அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணாருன்னு பாரு. ரோட்டையும் அப்படித்தான் பண்ணுவார்."

அவனுக்கு இது பிடித்துப்போய்விட்டது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டான். அதற்கப்புறம் நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். வாசுதேவனின் மனைவி பக்கவாதத்தில் படுத்திருந்த காலத்தில் அவரே தலை பின்னிப் பூ வைத்துவிட்டதைச் சொன்னேன். ஊரடங்கில் சாகன் பக்கம் மாட்டிக்கொண்ட பீகார்ப் பையன்களுக்கு அவர் சாப்பாடு அனுப்பியதைச் சொன்னேன். தொழிலில் அவர் பேரில் ஒரு புகார் கிடையாது என்றேன். கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தை: "இந்த மனுஷனுக்கு நான் உத்தரவாதம்." மராத்திக் குடும்பங்கள்கூட உட்காரவைத்து அவல் போஹா கொடுத்தார்கள். அந்த வாரங்கள் மாதிரி சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பிறகு அதே ஹர்ஷா வந்து நின்றான். அவன் அக்கா ஹடப்சரில் இருக்கிறாள். அங்கே சமைக்க வரும் மரியம்மாள் என்ற அம்மாள், வாசுதேவன் படத்தை அவள் போனில் பார்த்துவிட்டு அழுததாகச் சொன்னான்.

நான் விசாரிக்காமல் விடமாட்டேன் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். மறுநாளே ஹடப்சர் போனேன். கையில் ஒரு சிவ்டா மிக்சர் பாக்கெட் கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மாள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே தள்ளி வைத்தார்.

"நிலக்கடலை கெடக்கு சார். எனக்கு ஒரு பருக்கை உள்ள போனாலும் தொண்டை அடைச்சிரும். ஒரு மட்டம் ஆஸ்பத்திரியில வச்சுத்தான் உசுரு திரும்புச்சு. இந்த ஊர்ல எதை எடுத்தாலும் கடலைதான், என்ன செய்ய. மாத்திரையும் ஊசியும் பையிலயே வச்சிருக்கேன்."

நல்ல பெண்மணி. எடுத்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. அவர் சொன்னது இதுதான். வாசுதேவனும் அவரும் சேர்ந்துதான் கேன்டீன் தொழிலைத் தொடங்கினார்கள். சமையல் அவருடையது, ஆள் பழக்கம் வாசுதேவனுடையது. ஒருநாள் குளிர்பெட்டி பழுதாகிப் பருப்பு ஊசிப்போயிற்று. கொட்டிவிடலாம் என்று இவர் சொன்னார். கொதிக்கவைத்துப் பரிமாறச் சொன்னவர் வாசுதேவன். தொழிலாளிகள் மயங்கி விழுந்தார்கள், ஒருவர் இறந்தும் போனார். போலீஸ் வந்தபோது வாசுதேவன் இவரைக் கைகாட்டினார். மரியம்மாள் எரவாடா சிறைக்குப் போனார்.

"அண்ணாச்சி மேல இப்பம் கோவம் இல்ல சார்," என்றார். "ஆனா ஓட்டுக் கேட்டு வாறாருல்லா. நடந்தது இதுதான்னு நாலு பேருக்குத் தெரியணும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நான் வருவேன்."

பொய் இல்லை. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு நிதானமாகச் சொல்லமாட்டார்கள்.

திரும்பி வந்து வாசுதேவனிடம் சொன்னேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி போயிருக்கும். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"அவ சொல்லுதது நெசந்தான் சார். நாந்தான் அவ பேரைச் சொன்னேன். அவளைத் தேடாத எடம் இல்ல. ஹடப்சர்லயா இருக்கா?" நம்பர் வாங்கி அங்கேயே பேசினார். இரண்டு பேரும் அழுதார்கள், கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் செய்தார்கள். அந்த வாரம் தினமும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் வாசுதேவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மரியம்மாளை மேடையில ஏத்தி, ஊரறிய மன்னிப்புக் கேக்கப் போறேன். நீங்கதான் கார்ல கூட்டிட்டு வரணும். உங்களைத்தான் நம்பி விடுதேன்."

அரசியல் தெரியாத மனிதர், மேடம். மன்னிப்புக் கேட்டால் ஜனங்கள் கை தட்டுவார்கள், அவருக்கு ஓட்டுக்கூட அதிகமாக விழலாம். ஆனால் தொழிலில் ஒரு புகார் கிடையாது என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன். உத்தரவாதம் கொடுத்தவனுக்கு ஒரு கடமை இருக்கிறதல்லவா? என்னைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. உத்தரவாதம் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை வேண்டும், அவ்வளவுதான்.

சங்கராந்தி சமயம். இங்கே எள்ளும் வெல்லமும் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துவார்கள், பார்த்திருப்பீர்கள். கடைகளில் குள்போளி வந்திருந்தது. எள், வெல்லம், வறுத்த நிலக்கடலை மூன்றையும் பொடித்து உள்ளே வைத்துச் செய்வது. பார்வைக்கு நம் பருப்புப் போளி மாதிரியே இருக்கும். கடலை இருக்கிறதா என்று கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு தரம் கேட்டேன். எனக்கு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று நினைத்து, "நிறைய இருக்கு காகா, உங்களுக்கு வேண்டாம்," என்று அக்கறையாகச் சொன்னாள். அப்படியானால் நான்கு கொடு என்று வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவற்றை வனஜாவின் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினேன். வனஜா என் மனைவி. அவளுக்கு இதில் எதுவும் தெரியாது, அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரியம்மாள் நல்ல பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கையில் ஒரு பையும் தூக்குவாளியும். வாளியில் தேங்காய்ப்பால் சொதி. "அண்ணாச்சிக்குச் சொதின்னா உசுரு," என்றார். மடியில் கனமாக இருக்குமே என்று இரண்டையும் நான்தான் வாங்கி டிக்கியில் வைத்தேன்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நானும் நிறையச் சிரித்தேன். வாசுதேவன் முதன்முதலில் இட்லி ஊற்றப் பழகிய கதையை அவர் சொன்ன மாதிரி வேறு யாரும் சொல்லமுடியாது. மேடையில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "முன்னாடி என்னென்னவோ நெனச்சு வச்சிருந்தேன் சார். இப்பம் ஒண்ணும் இல்ல. நல்லா இருங்கன்னு சொல்லிட்டு எறங்கிருவேன்," என்றார்.

கட்ரஜ் தாண்டியதும் டப்பாவைக் கொடுத்தேன்.

"கடலை இல்லையே சார்?"

"இல்லம்மா. வீட்டுல பண்ணினது, நம்ம ஊர்ப் பருப்புப் போளி. சங்கராந்திக்காக எள்ளு சேர்த்திருக்கா."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. என் பேச்சை நம்பினார். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மேடம். அதை மறைக்கப் போவதில்லை.

இரண்டாவது வாயிலேயே தெரிந்துவிட்டது. கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் காட்டினார். பையைக் கேட்கிறார் என்று புரிந்தது. "இதோ ஆஸ்பத்திரி வந்துட்டோம்மா," என்றேன். ஆஸ்பத்திரிகள் வழியில் இருந்தன, ஒன்றிரண்டைத் தாண்டவும் செய்தேன். நிக்டிக்கு நேரே போகாமல் கடக்வாஸ்லா பக்கம் திரும்பினேன். அணைக்கரையில் தண்ணீர் வெயிலில் நன்றாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் என் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தார். அந்தப் பிடி விடும்வரை காரை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வேகமாக ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் என்னையே தேற்றினார். நான் அழுதது நடிப்பில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

மேடையில் பேச இனி எதுவும் இல்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். வாசுதேவன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து மரியம்மாளின் காலைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேரே கூட்டத்துக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். மைக்கைப் பிடித்து, ஊசிப்போன பருப்பிலிருந்து எரவாடா வரைக்கும் ஒன்றுவிடாமல், தமிழிலும் தட்டுத்தடுமாறி மராத்தியிலும் சொல்லிவிட்டார். "எனக்கு ஓட்டுப் போடாதீக" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார். ஒருவர்கூடக் கை தட்டவில்லை. ஹர்ஷா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தான்.

நேற்று நீங்கள் வாசுதேவனைக் கூட்டிவந்துவிட்டீர்கள். மரியம்மாளுக்கு அவர் அடிக்கடி போன் செய்திருக்கிறார், காரில் கூட்டிவரச் சொன்னவரும் அவர்தான், அந்த அம்மாளின் வாய் அடைபட்டால் லாபமும் அவருக்குத்தான் என்று நீங்கள் கணக்குப் போட்டது நியாயமே. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அவரைத்தான் பிடித்திருப்பேன். ஆனால் போளியைக் கொடுத்தது நான். பையை எட்டாத இடத்தில் வைத்ததும் நான். அந்த அம்மாள் சாகவேண்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

வாசுதேவனை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மேடம். யாரும் கேட்காமலே தான் செய்த தப்பை ஊரறியச் சொன்னவர், வர இருந்த பதவியையும் வேண்டாம் என்றவர். அவர் சுத்தமான மனிதர் என்றுதானே வீடு வீடாகச் சொன்னேன். கடைசியில் நான் சொன்ன மாதிரியே ஆயிற்று, பார்த்தீர்களா.