சீட்டை வாசித்தது நான்தான்

ஐயா,

வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. உங்களுக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ. உங்கள் பழைய வீட்டில் சுவர் முழுக்கக் கடிகாரம். அத்தனையையும் கழற்றிக் கீழே இறக்கியவன் நான்தான். வீடு மாற்றும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவன்; நரைத்த மீசை, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். உங்கள் பீரோவைப் படியில் திருப்பும்போது "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அதை எங்களிடம் சொல்லவில்லை, பீரோவிடம் சொன்னீர்கள். அதனால் உங்களை நினைவிருக்கிறது.

நீங்கள் கம்பெனிக்கு எழுதிய கார்டு நேற்று என் கைக்கு வந்தது. "நான் விட்டுவந்த செடி எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுதினால் போதும்" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுதினால் மரியாதையாக இருக்காது. முதலிலிருந்து சொல்கிறேன். முழுவதும் கேட்டால் நான் செய்ததில் ஒரு நியாயம் இருப்பது உங்களுக்கே தெரியும்.

இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் சாமானைத் தூக்குகிறேன். ஒரு மனுஷனுக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, யாரும் கேட்டதில்லை. மூன்று வருஷம் முன்பு, வீடு கட்டுவதற்குப் பிளான் வரைந்து கொடுக்கிற ஒரு அம்மாவின் வீட்டைக் காலி செய்தோம். மற்ற வீடுகளில் படுக்கையறைப் பெட்டி மட்டும் பதினைந்து இருபது வரும். அங்கே ஒன்றே ஒன்று. ஒரு போர்வை, ஒரு விளக்கு.

"மத்ததெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதாண்ணே. இதுக்குப் பேரு மினிமலிஸம். வேண்டாததை எடுத்துட்டா மனசு லேசாயிடும்."

முதுகும் லேசாகும் என்பதை அந்த அம்மா சொல்லவில்லை. அதை நானே கண்டுகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் படுக்கையறையைக் காலி செய்தேன். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஒரு கட்டில், பெரிய ஜன்னல், சட்டை மாட்ட ஒரு ஆணி. அவ்வளவுதான் மிச்சம். என் வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஜெயில் மாதிரி இருக்குங்க."

"ஜெயில்ல இவ்வளவு வெளிச்சம் விடமாட்டாங்க" என்றேன்.

நான்கு மாதம் அப்படி இருந்தேன். என் ஆயுளில் அந்த நான்கு மாதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் லாரியில் செடி ஏற்றமாட்டோம், உங்களுக்கே தெரியும். மண் சிந்தும், தண்ணீர் ஒழுகும், கிளை முறிந்தால் சண்டை வரும். வீடு காலியான பிறகு கடைசியில் அந்தத் தொட்டி மட்டும் வாசலில் நிற்கும். வீட்டுக்காரர்கள் யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வை எப்போதும் என் பக்கம்தான் வரும். என் முகத்தில் அப்படி என்ன எழுதியிருக்கிறதோ.

முதல் செடியைக் கொண்டுவந்தது நானேதான், அதையும் மறைக்கவில்லை. உயரமாக, விறைப்பாக, ஒரு மூலையில் நின்றுகொண்டு ஒரு வேலையும் செய்யாது. அதற்கு அவள் "மாப்பிள்ளை" என்று பேர் வைத்தாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அது ஒன்று மட்டும் நின்றபோது, அறை அழகாகத்தான் இருந்தது. ஒன்றோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

"யாராவது விட்டுட்டுப் போனா கொண்டாங்க, பாவம்" என்றாள்.

பகல் முழுக்க ஊரார் சாமானை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் ஒரு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவேன். பதினான்கு மாதத்தில் முப்பது தொட்டி. ஜன்னல் படுக்கையறையில்தான் இருக்கிறது, ஆகவே முப்பதும் அங்கேதான். ஒரே தொட்டியில் ஒட்டிக்கொண்டு வளர்ந்த இரண்டுக்குப் "புதுத் தம்பதி" என்று பேர். படர்கிற கொடி ஒன்று இருந்தது. இடம் கொடுத்த பக்கமெல்லாம் நுழையும், கொடுக்காத பக்கமும் நுழையும். அது "சின்ன மாமியார்."

இப்போது சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். செடியை விட்டுப் போகிறவர்கள் சும்மா போவதில்லை, ஒரு சீட்டு எழுதித் தொட்டியில் கட்டிவிட்டுப் போவார்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில் என்று. என் வீட்டுக்காரிக்கு எழுத்துத் தெரியாது. தைக்கிற கம்பெனியில் பொத்தான் வைக்கிறாள். பொத்தானுக்கு எழுத்து வேண்டாம். எனக்கும் ஐம்பத்தொரு வயது வரை தெரியாது. ஒரு பெட்டியைத் தலைகீழாக ஏற்றி, உள்ளே இருந்த கண்ணாடிச் சாமான் அத்தனையும் நொறுங்கிய பிறகுதான், படிக்கத் தெரியாதவனுக்கு இனி வேலை இல்லை என்று மேனேஜர் சொன்னார். லாரி டிரைவர் சொல்லிக் கொடுத்தார். சிக்னலில் நிற்கிற நேரத்திலேயே நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டேன். நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த வார்த்தை "உடையும்."

அவள் அதைக் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் படிக்கிறாரு." நான் ஏதோ பெரிய ஆபீசர் ஆகிவிட்ட மாதிரி.

ஒவ்வொரு சீட்டு வரும்போதும் அவள் எதிரே உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொள்வாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பேன். அதற்கு முன் என் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு தடவை கேட்டால் அவள் மனதில் பதிந்துவிடும். அதன்படி கண்ணும் கருத்துமாகச் செய்வாள். சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தாள். முப்பதையும் நான் உள்ளபடிதான் வாசித்தேன்.

பிறகு ஒரு காலை வேலைக்குக் கிளம்ப ஆணியிலிருந்து சட்டையை எடுத்தேன். வரவில்லை. சின்ன மாமியார் சட்டைக்குள் புகுந்து, ஒரு கை வழியாக வெளியே வந்து, ஆணியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். பிடித்து இழுத்தேன்.

"மெதுவாங்க. அவளுக்கு வலிக்கும்" என்றாள் என் வீட்டுக்காரி.

என் தோளுக்கு அந்த வார்த்தையை அவள் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன். மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது.

அன்று சாயங்காலமே அவள் டப்பாவின் அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்தாள். "மாப்பிள்ளையோடதை இன்னொரு தடவை வாசிங்க. முதல்ல வந்தது, சரியா நினைவில்ல."

சீட்டில் இருந்தது: "மாதம் இரண்டு முறை தண்ணீர் போதும். அதிகமானால் அழுகிவிடும்."

நான் வாசித்தது: "தினமும் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. குறைந்தால் வாடிவிடும்."

எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கு அது சின்ன வேலை இல்லை, ஐயா. சீட்டில் இல்லாததை, இருக்கிறதை வாசிக்கிற அதே வேகத்தில் வாசிக்க வேண்டும். தடுமாற வேண்டிய இடத்தில் தடுமாறவும் வேண்டும். ஆறாவது வாரம் மாப்பிள்ளை அடித்தண்டு கூழாகி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். அவள் ஒரு நாள் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அந்த மூலைச் சுவர் திரும்பக் கிடைத்தது.

"மத்ததுக்கும் ஒரு தடவை வாசிச்சுடுங்க. நான் எதையாவது மறந்திருப்பேன்" என்றாள். அவளேதான் கேட்டாள். நிழல் கேட்ட தம்பதிக்கு நல்ல வெயில் என்று வாசித்தேன். ஈரம் கேட்டதற்கு வாரம் ஒரு கரண்டி. நான் ஒரு இலையைக்கூடக் கிள்ளியதில்லை. தண்ணீர் ஊற்றியது அவள், வெயிலில் வைத்தது அவள். நான் வாசித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் செடி வந்தது. முப்பத்தொன்றாவது. வெள்ளைப் பூ. தாகம் எடுத்தால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, போகிற உயிர் இதோ போகிறது என்பதுபோல் கிடக்கும். ஒரு சொம்பு ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடும். அவள் அதற்கு "அத்தை" என்று பேர் வைத்தாள். என் அத்தையைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

உங்கள் சீட்டு எனக்கு மனப்பாடம். "தலை தொங்கினால் மட்டும் தண்ணீர். நேர் வெயில் வேண்டாம். இது என் மனைவி வைத்தது. நான் போகிற அறையில் ஜன்னல் இல்லை. அவள் பேசிக்கொண்டேதான் தண்ணீர் ஊற்றுவாள். முடிந்தால் பேசவும்."

நான் வாசித்தது: "தினமும் இரண்டு வேளை தண்ணீர். வாரம் இரண்டு கைப்பிடி உரம்."

"இவ்வளவு நீளச் சீட்டுல அவ்வளவுதானா?" என்றாள்.

"பெரியவங்க, சுத்தி வளைச்சு எழுதியிருக்காங்க."

ஒரு விஷயம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நீங்கள் கேட்டபடியே அவள் அதனோடு பேசினாள். யாரும் சொல்லாமல் அவளாகவே. "என்ன அத்தை, இன்னிக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் உரத்தை அள்ளிப் போட்டாள். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. நல்ல செடிதான்.

இதற்கு நடுவில் கீழ் வீட்டு டைலர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரியைக் கட்டடத்தில் முதன்முதலில் கைராசிக்காரி என்றது அவர்தான். "அக்கா, நீங்க ஒரு குச்சியை நட்டாலும் துளிர்க்கும்" என்று சொல்லி, அவர் வீட்டுத் தொட்டிகளில் இவளைக்கொண்டே நடச் சொல்வார். இவளும் வாயெல்லாம் பல்லாகப் போய் நட்டுவிட்டு வருவாள். ஒரு வருஷத்தில் இங்கே முப்பது செடி பட்டுப்போன பிறகு டைலர் அம்மா கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் இவள் போயிருக்கமாட்டாள்.

டைலர் அம்மாவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனோம். "தூக்குங்கக்கா" என்று நீட்டினார்கள். என் வீட்டுக்காரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா. என் கை பட்டா எதுவும் விளங்காது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். யோசித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வீட்டுக்கு வந்து படுக்கையறைக் கதவைத் திறந்தால் நாலு சுவரும் வெள்ளையாக, வெளிச்சமாக, அவ்வளவு நன்றாக இருந்தது.

சின்ன மாமியார் மட்டும் சாகவில்லை. தண்ணீரே வேண்டாம் என்று வாசித்தேன், துளிர்த்தது. கட்டிலுக்கு அடியில் இருட்டில் வைக்கச் சொல்லி வாசித்தேன், ஒரு கையை வெளியே நீட்டி மறுபடி ஆணியைப் பிடித்துக்கொண்டது. நான் சட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டப் பழகிவிட்டேன். அவள் அதன் பக்கம் போவதே இல்லை. "நான் தொடாததாலதான் அது பிழைச்சுக் கிடக்கு" என்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை. எதற்கு வீண் வாக்குவாதம் என்றுதான்.

ஆறு மாதம் முன்பு அவள் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்க. இந்தச் சீட்டையெல்லாம் நானே ஒரு தடவை பார்க்கணும். நீங்களும் புதுசாப் படிச்சவரு. ஒரு எழுத்து அங்க இங்க தவறியிருக்கலாம். அப்படி இருந்தா நல்லாயிருக்கும்."

என் வாசிப்பையே சந்தேகப்படுகிறாளே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவளுடைய தையல் கம்பெனியில் பக்கத்து மேசைப் பெண் சொல்லித் தருகிறேன் என்றதாம். கூடாது என்று சொல்லிவிட்டேன். வெளியாளிடம் எதற்குப் போக வேண்டும்? நானே சொல்லித் தருகிறேன். அவசரப்படுத்தினால் அரைகுறையாகப் போய்விடும். ஆகவே மாதத்துக்கு ஒரு எழுத்து.

இன்று ஞாயிறு. காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் அவள் காபியோடு வந்து நின்றாள்.

"யாருக்குங்க இவ்வளவு?"

"கடிகார ஐயாவுக்கு. அத்தையைப் பத்திக் கேட்டு எழுதியிருக்காரு."

அவள் எதிரே உட்கார்ந்தாள். முன்போல மடியில் கை. "எழுதின வரைக்கும் வாசிங்க."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வெறும் சுவரை" என்று தொடங்குகிற முதல் வரியில் விரலை வைத்து வாசித்தேன்: "ஐயா, நலம். உங்கள் செடி நன்றாக இருக்கிறது. மூன்று பூ விட்டிருக்கிறது."

காபியை என் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"அந்தப் பெரியவர்கிட்ட எதுக்குங்க பொய்? நீங்க பொய் எழுதுற ஆளா?"

"அவர் மனசு கஷ்டப்படும்."

"படட்டும். என் கையாலதான் போச்சுன்னு எழுதுங்க. இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

புதுக் காகிதம் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: "ஐயா, உங்கள் செடி என் கையால் பட்டுப்போய்விட்டது. நான் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். மன்னிக்க வேண்டும்." ஒரு எழுத்தை மாற்றவில்லை. திரும்ப வாசிக்கச் சொன்னாள். எழுதியதை எழுதியபடியே வாசித்தேன். உள்ளதை உள்ளபடி வாசிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை வாங்கி, ஒரு "அ" போட்டாள். அவளுக்கு நன்றாக வருவது அதுதான். போட்டு முடித்ததும் கையைத் திரும்பப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நீங்களும் ஒரு வரிதான் கேட்டீர்கள். ஆகவே அவளுடைய காகிதத்தையே அனுப்புகிறேன்.

நான் எழுதிய இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போவதில்லை. ஒளிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மடித்து, பிஸ்கட் டப்பாவில் உங்கள் சீட்டுக்கு மேலேயே வைக்கிறேன். அவள் எழுத்தெல்லாம் படித்து முடித்ததும் அவளே எடுத்து வாசித்துக்கொள்ளட்டும். இந்த மாதம்தான் "ஊ" தொடங்கியிருக்கிறோம்.