ஓர் இமைப்பொழுது தாமதம்

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. யாரோ அடியில் காகிதத்தை மடித்துச் செருகியிருக்கிறார்கள். திருகைக் கொஞ்சம் முறுக்கினால் தீர்ந்துவிடும். உங்கள் அலுவலகத்தில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை, திருப்புளிக்குத்தான் பஞ்சம் போலிருக்கிறது. பரவாயில்லை, சமாளித்து உட்கார்ந்துகொள்கிறேன்.

என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அண்ணன், "என் கை மந்தமாயிடுச்சுன்னு தம்பி முன்னாடியே சொன்னான் சார், நான்தான் கேக்கல" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். நானும் ஆமாம் என்று தலையாட்டினால் விசாரணை முடிந்தது. நீங்கள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவன் கைக்கு ஒரு கேடும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் உங்கள் யாருக்கும் இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் மின்சாமான்களைப் பழுதுபார்ப்பவன். தாங்களே நோண்டிக் கெடுத்துவிட்டு, "தானா நின்னுபோச்சுங்க" என்று கொண்டுவரும் கூட்டத்தோடுதான் என் பிழைப்பு. அண்ணன் கதை வேறு. சின்ன வயதிலிருந்தே அவன் கைவேகக்காரன். எங்கள் தெருவில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அங்கே பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின். ஒரு கைப்பிடி, இரண்டு பொத்தான், காசு போடும் துளை. மேலிருந்து விழும் பாறைகளைச் சுட்டுத் தள்ள வேண்டும். ஒரே காசில் கடை மூடும்வரை ஆடுவான். அவன் புத்தகப் பையையும் சுமந்துகொண்டு நான் பின்னால் நிற்பேன். நான் ஆடினால், பைகளைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். "விடுடா, உனக்கு இது வராது" என்பான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பாசமாகச் சொல்வான்.

பல வருஷம் கழித்து அந்தக் கடையைக் காலி செய்தபோது அண்ணன் அந்த மெஷினை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். படக்குழாய் செத்துவிட்டது. உள்ளே பலகையெல்லாம் துரு, மூலைக்கு மூலை கரப்பான் முட்டை. சரிபண்ண என்னைக் கூப்பிட்டான். அன்று சாப்பிடும்போது வந்திருந்தவர்களிடம் சொன்னான்: "என் தம்பிகிட்ட குடுத்தா செத்ததுகூட எந்திரிச்சு உக்காரும். என்ன, அவனுக்கு ஆடத்தான் வராது." எல்லாரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த அண்ணியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு நன்றாகச் சிரிக்க வரும்.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. படக்குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, தட்டைத் திரை ஒன்றை அளவாகப் பொருத்தினேன். துருப்பிடித்த பலகைகளுக்குப் பதில் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர். அதில் அதே ஆட்டம். வெளிப்பெட்டி, கைப்பிடி, பொத்தான்கள் எல்லாம் பழையவை. தொடும் கைக்கு வித்தியாசமே தெரியாது.

இந்தப் புதுத் திரைகளுக்குப் பிறவியிலேயே ஒரு சோம்பல் உண்டு. பொத்தானை அழுத்தினால் ஓர் இமைப்பொழுது கழித்துத்தான் படம் அசையும். சாதாரண ஜனங்களுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, "என்னடா, ஏதோ லேட்டா வர்ற மாதிரி இருக்கு" என்றான்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. அந்தத் தாமதத்தைச் சரிசெய்வது எனக்குப் பெரிய வேலையும் இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கோளாறு மெஷின்ல இல்லண்ணே. உன் கைலதான். வயசாகுதுல்ல?"

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்கு முன் அவன் தன் கையைச் சந்தேகமாகப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. உங்களிடம் மறைப்பானேன்.

அதன்பிறகு வேலைக்குக் கிளம்பும்முன் ஓர் ஆட்டம் ஆடாமல் அவன் போனதில்லை. கை எப்படி இருக்கிறது என்று பார்ப்பானாம். நான் என் கடையில் உட்கார்ந்தபடியே போன் வழியாக அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, தாமதத்தை நூலளவு நூலளவாகக் கூட்டினேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு நரம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். அண்ணன் டாக்டரை நம்பவில்லை, விளையாட்டுப் பெட்டியை நம்பினான். துறைமுகமே தலையில் தூக்கிவைத்து ஆடும் ஆளின் அறிவு அவ்வளவுதான். அண்ணி அவன் விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே என்னிடம் அழுதாள்.

"தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து விரலை மடக்கி மடக்கிப் பாக்குறாரு தம்பி. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"பழம் நிறைய குடுங்க அண்ணி" என்றேன்.

என் கணக்கு என்னவென்றால், அவன் பயந்துபோய் கிரேனைவிட்டு இறங்கிவிடுவான். எங்காவது கிடங்கில் உட்கார்ந்து மூட்டை எண்ணுவான். அடுத்தவன் ஆடுவதைப் பார்த்து நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வான். அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை. ஆனால் அவன் விடாக்கண்டன். ஒருநாள் போன்செய்து உடனே வரச் சொன்னான். போனால், மதிப்பெண் பழையபடி ஏறியிருக்கிறது. முகமெல்லாம் பல்.

"கண்ணுல பட்டப்புறம் அழுத்துனா லேட்டுடா. படப்போகுதுன்னு மனசுக்குத் தெரியுதுல்ல, அப்பவே அழுத்திடணும். கையை முன்னாடியே அனுப்பிடணும்."

பிறகு தட்டை நக்காத குறையாகச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "கிரேன்லயும் இப்ப அதேதான். விசில் கையைக் கீழ காட்டுறதுக்குள்ள நான் லீவரைத் தள்ளிடுறேன்."

விசில் என்பது கீழே நின்று அவனுக்குச் சைகை காட்டுபவருக்கு எல்லாரும் வைத்த பெயர். ஒருமுறை என் கடைக்கு ரேடியோ கொண்டுவந்தார். பேட்டரியைத் திருப்பிப் போட்டிருந்தார், வேறொன்றுமில்லை. நான் சரியாகப் போட்டுக் கொடுத்ததும், "நல்ல கைப்பா உனக்கு" என்றார். என் கையைப் பற்றி அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதுவும் ஒரு பேட்டரிக்காக.

மேலே இரும்புப் பெட்டி, கீழே ஓர் ஆள், சைகைக்கு முன்பே போகும் ஒரு கை. அண்ணன் சொல்லிமுடித்த அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. நான் உங்களைப் போல் அறிக்கை வந்தபிறகு யோசிப்பவன் இல்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சமாளிச்சுட்டியேண்ணே" என்று அவன் தோளில் தட்டினேன். கடைக்கு வந்ததும் தாமதத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அவன் மதிப்பெண் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அவன் அதற்கும் கையைப் பழக்கிக்கொண்டான்.

விபத்து எப்படி நடந்தது என்று உங்களுக்கே தெரியும். பெட்டி இறங்க வேண்டிய இடத்தில் விலகியிருந்த மரக்கட்டையை விசில் குனிந்து நேராக்கிக்கொண்டிருந்தார். இன்னும் கை காட்டவில்லை. பெட்டி, தரையில் போட்டிருந்த கோட்டைவிட்டு விரலளவும் விலகாமல் இறங்கியது என்று உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். சற்று முன்னதாக இறங்கிவிட்டது. அவ்வளவுதான்.

ஆகவே, கை மந்தம் என்று எழுதாதீர்கள். முதுமை என்றும் எழுதாதீர்கள். அது என் வேலை. நான் பார்த்துப் பார்த்துச் செய்ததை நரம்புத் தளர்ச்சி கொண்டுபோவதை என்னால் பொறுக்க முடியாது. விசிலைக் கொன்றது நான். அண்ணனை இந்தக் கட்டடத்தில் அடைத்து வைத்திருப்பதும் நான்தான். இரண்டையும் தெரிந்தே செய்தேன். எந்தப் பிரிவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெஷினைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று தெரியும். சில நாள் பொறுத்து எடுங்கள். விபத்துக்குப் பிறகு நான் அந்தத் தாமதத்தை அடியோடு எடுத்துவிட்டேன். தினமும் போய் ஆடுகிறேன். வீட்டில் சிரிக்க ஒருவரும் இல்லை. அண்ணி உங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு தாமதத்தையும் வைத்துக்கொண்டு அண்ணன் எடுத்த மதிப்பெண் திரையின் உச்சியில் அப்படியே நிற்கிறது. அதில் பாதியைக்கூட நான் தொடவில்லை. திரையை மாற்றினேன், வயரை மாற்றினேன், பொத்தான்களையும் புதிதாகப் போட்டேன். எங்கோ ஒரு துளி தாமதம் இன்னும் ஒளிந்திருக்கிறது. கண்டுபிடித்துவிடுவேன். கோளாறு மெஷினில்தான். என் கையில் இல்லை.