வலை நீருக்குள் இருக்கிறது

நண்டுப் பருவத்தைத் தொடங்கிவைக்கும் இவ்விழாவின் தலைவர் அவர்களே, தலைநகரிலிருந்து கப்பலேறி வந்திருக்கும் அமைச்சர் அவர்களே, பனிக்காற்றில் வலை பின்னிய பெரியோர்களே, பதுங்குகுழியின் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் என் தாய்மார்களே! ஹகாம் தீவு மீனவப் பெண்கள் சங்கத்தின் சோங் மால்-சூன் வணங்குகிறேன்.

சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். எனக்கும் களைப்புதான். முப்பது ஆண்டுகளாக மற்றவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு வந்த களைப்பு.

எங்கள் கடலை மூடுவது எது? காற்றா? கார்முகிலா? கரை மோதும் அலையா? இல்லை ஐயா, நாக்கு! போன வசந்தத்தில் எல்லைக்கு வடக்கே, வட கொரியாவில் ஒருவர் "சாம்பலாக்குவோம்" என்றார். தெற்கே நம் தலைநகரில் ஒருவர் "வந்து பார்" என்றார். கைதட்டல் ஓய்வதற்குள், படகு இறங்கக் கூடாதென்று கடலை மூடினார்கள். ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் ஒன்பது நாள், வலையில் சிக்கிய நண்டெல்லாம் செத்து அழுகியது.

மூன்றாம் வரிசையில் இருக்கும் ஓக்-பூனைக் கேளுங்கள். அவள் கணவன் கி-தே அந்த வலையை இழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த வருஷமும் இப்படின்னா படக வித்துட்டு இஞ்சோன் பட்டணத்துக்குப் போயிடலாம்டி" என்றான். "போயி? நண்டத் தவிர உனக்கு அங்க யாரத் தெரியும்?" என்றாள் இவள். சிரிக்கிறீர்களா? அவளும் சிரித்தாள். பிறகு அழுதாள்.

என்ன அண்ணே, பின்னாலிருந்து? "அவன் கத்துனா நாம வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?" நியாயமான கேள்வி. காவல் வேண்டாம் என்று எந்தத் தாய் சொன்னாள்? காவலுக்குக் கப்பல் போதும் அண்ணே. கைதட்டலுக்குத்தான் கத்தல் வேண்டியிருக்கிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் வடக்குப் படகு ஒன்று மூடுபனியில் இங்கே ஒதுங்கியது. அன்றைய அமைச்சர் இவ்வளவுதான் சொன்னார்: "வழி தவறிய மீனவர்கள். சோறு போட்டு அனுப்பினோம்." அந்தச் சோற்றை ஆக்கியவள் நான். வடக்கிலிருந்து நன்றி வரவில்லை. வசையும் வரவில்லை. மறுநாள் நாங்கள் கடலில் இருந்தோம்.

அமைச்சர் அவர்களே, இன்று விடியலில் வலை இறக்கிவிட்டோம். கி-தேயின் வலையும் நீருக்குள் இருக்கிறது. உங்கள் கையிலுள்ள தாளில் என்ன எழுதியிருக்கிறதோ, அறியேன். ஆனால் இங்குள்ள ஒவ்வொரு தாயின் காலடியிலும் ஒரு பை இருக்கிறது, பாருங்கள். கம்பளி, மாத்திரை, டார்ச் விளக்கு. குண்டுச் சத்தம் கேட்டு எடுத்த பை அல்ல. நீங்கள் பேச வருகிறீர்கள் என்று கேட்டு எடுத்த பை!

அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பதுங்குகுழிக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா?

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. மைக்கைத் தருகிறேன் ஐயா, மெல்லப் பேசினாலே எங்களுக்குக் கேட்கும். வணக்கம்.