பிந்தி வந்த சலாம்

சம்மாந்துறை வயல்களில் வெட்டு வேலை கேட்டுப் போய், கிடைக்காமல் கல்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால், லீவுக்கு வீட்டுக்கு வரும் கெம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேர்.

“வியாழக்கிழமை மட்டும் மூணு தரம் மௌத்தாகிட்டன்” என்றாள் ஒருத்தி.

செத்தது கம்பியூட்டர் விளையாட்டில் என்பது பிறகுதான் விளங்கியது. பல நாட்டு ஆட்கள் ஆளுக்கொரு வேஷத்தில் ஒரே காட்டில் திரிவார்களாம். படம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான்.

“ஆரக் கண்டாலும் சலாம் எழுதிட்டு, பதில் வரும் எண்டு பாத்துக்கிட்டு நிக்கிறாய். வெட்டாம என்ன செய்வான்?” என்றாள் மற்றவள்.

“சலாம் சொல்லாம எப்பிடிப் புள்ள போற?”

“சொல்லு. வாளக் கையில வச்சிக்கிட்டுச் சொல்லு.”

“இன்னொருக்காச் செத்தா என்ன நம்மட விளையாட்டுக் கூட்டத்துல இருந்து எடுத்துடுவாங்களாம். நான் இனி வரல்ல.”

“எடுத்தா நானும் போயிருவன். ஒன்ட சாமானெல்லாம் நீ விழுந்த இடத்துலயே கிடந்திச்சி. கம்பியூட்டர் அறை பூட்டும்வரைக்கும் நான்தான் காவல் நிண்டன்.”

“ஒருத்தரும் எடுக்க வரல்லயா?”

“ஒராள் வந்தான். நான் வாள ஓங்கிட்டன். அவன் ‘வஅலைக்குமுஸ்ஸலாம்’ எண்டு எழுதிட்டு, சாமானத் தொடாமப் போயிட்டான்.”

“ஆரு அவன்?”

“ஒன்ன வெட்டினவன்தான்.”

வரிசை நகர்ந்தது. செத்தவள் அடையாள அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டே கேட்டாள்:

“லீவு முடிஞ்சி எப்ப புள்ள திரும்பிப் போற?”